தீவில் இருப்பவன் எப்படிச் சேர்வது?

சில வருஷங்களுக்கு முன், நான் பராமரித்துவந்த ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளுக்குக் கல்லூரி மாணவன் ஒருவன் திருத்தம் அனுப்பினான். பத்து வரி நிரல். ‘இந்த வாரம் பாத்துடலாம்’ என்று ஒதுக்கிவைத்தேன். பார்த்தபோது நான்கு மாதம் ஓடியிருந்தது. சரியாகத்தான் எழுதியிருந்தான். சேர்த்துக்கொண்டு, “நன்றி தம்பி, தாமதத்துக்கு மன்னிக்கணும்” என்று எழுதினேன். பதில் இல்லை. பிறகு அவன் வரவேயில்லை.

டெபியனின் பழைய கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் ஞாபகம்தான்.

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அந்த முதல் வருஷங்களில் உள்ளே வருவது பெரிய காரியமில்லை. ஆட்கள் பெருகப் பெருகப் பயமும் வந்தது. நியாயமான பயம்தான்: உறுப்பினர் ஒருவர் ஏற்றும் பொதி, முகம் தெரியாத எத்தனையோ பேரின் கணினிகளில் முழு அதிகாரத்தோடு நிறுவப்படுகிறது. அந்தச் சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கமுடியுமா? 1999இல் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். 2000இல் திறந்தபோது வாசலில் ஒரு பரீட்சை நின்றது.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் உங்களுக்காகப் பரிந்து பேசவேண்டும். அப்போது உறுப்பினர் ஒருவர் உங்களை நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, உங்கள் மின்சாவியில் கையொப்பமிடவேண்டியிருந்தது. அப்புறம் விண்ணப்ப மேலாளர் என்று ஒருவர் மின்னஞ்சலில் கேள்வி கேட்பார்: உரிமங்கள், 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தம், நடைமுறைகள், கடைசியில் தொழில்நுட்பம். கேட்பவரும் சம்பளமில்லாத தன்னார்வலர். அவர் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வரிசை நின்றுவிடும். சிலர் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். திறமையைச் சோதிக்க வைத்த பரீட்சை, கடைசியில் பொறுமையைத்தான் அளந்தது என்று எனக்குத் தோன்றும்.

டெபியனின் உரிம விவாதங்களில் ‘ஆளில்லாத் தீவு’ என்றொரு சோதனை புழங்கும். தீவில் ஒதுங்கிய ஒருவன், சூரிய சக்தியில் ஓடும் கணினியோடு இருக்கிறான். மாற்றங்களை மூல ஆசிரியருக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று உரிமம் கட்டாயப்படுத்தினால் அவனால் முடியாது; ஆகவே அது சுதந்திர உரிமம் இல்லை. எவ்வளவு கரிசனம்! ஆனால் அதே தீவுக்காரன் அன்று டெபியனில் சேர நினைத்திருந்தால்? கையொப்பமிட ஆள் படகேறி வரவேண்டியிருந்திருக்கும். பக்கத்தில் உறுப்பினரே இல்லாத ஊர்க்காரர்களுக்கு அது வெறும் வேடிக்கையாக இருக்கவில்லை.

2007இல் வாக்கெடுப்பு நடத்தி ‘டெபியன் பராமரிப்பாளர்’ என்ற நிலையை உண்டாக்கினார்கள். சாவியில் கையொப்பம் அப்போதும் வேண்டும். ஆனால் நீண்ட கேள்வித்தாள் இல்லை, வாக்குரிமையும் இல்லை. தனக்கு அனுமதித்த பொதிகளை மட்டும் ஒருவர் தானே ஏற்றலாம். வீட்டுச் சாவி முழுவதையும் தராமல் ஒரு அறைச் சாவி. ஆளைக் கேள்வி கேட்டு எடைபோடுவதைவிட, அவர் வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பது சுலபம் என்று புரிந்துகொள்ள ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. 2010இல் இன்னொரு வாக்கெடுப்பு: பொதி செய்யாமல், மொழிபெயர்ப்பு, ஆவணம் என்று உழைப்பவர்களும் முழு உறுப்பினராகலாம்.

இப்போதெல்லாம் திருத்தம் வந்தால் அன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுகிறேன்: “கிடைச்சது, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்றேன்.” ஞாயிறு சில சமயம் புதனாகிவிடுகிறது.