பஞ்சமும் சூரியப் படங்களும்

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். அக்காலத்திலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரணப் பணியிடங்களில் கூலியும் குறைக்கப்பட்டது. இச்சூழலில்தான் பஞ்சத்தின் காரணத்தைச் சூரியனில் தேடும் முயற்சி வலுப்பெற்றது.

சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைபவை. புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் பொய்க்கிறது என்று வானியலாளர் நார்மன் லாக்யரும், இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைக்குத் தலைமை வகித்த வில்லியம் ஹன்டரும் 1877இல் எழுதினர். இக்கூற்று மெய்யாயின் பஞ்சத்தை முன்னறியலாம். பஞ்சத்தின் பழியையும் இயற்கையின் மீது ஏற்றிவிடலாம்.

லாக்யரின் வலியுறுத்தலால் 1878இல் தேராதூனில் உள்ள நில அளவைத் துறை அலுவலகத்தில் அன்றாடம் சூரியனைப் படமெடுக்கும் பணி தொடங்கியது. அதற்குப் பெரிய தொலைநோக்கி தேவைப்படவில்லை. இரவு வானைப் படமெடுப்போருக்கு ஒளி போதாமை இடர். சூரியனைப் படமெடுப்போருக்கோ ஒளியின் மிகுதியே இடர். ஆகவே சிறிய வில்லையே போதுமானதாக இருந்தது. குறுகிய பிளவு ஒன்று ஒளியின் பாதையைக் கணப்பொழுதில் கடக்க, கண்ணாடித் தகட்டில் படம் பதிந்தது. கிரீன்விச்சில் மேகம் மூடிய நாள்களின் இடைவெளியை இந்தியத் தகடுகள் நிரப்பின.

1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் ஆய்வகத்தில் 1904 முதல் இப்பணி நாள்தோறும் நடைபெற்றது. அங்கு நெடுங்காலம் பயன்பட்ட தொலைநோக்கியின் வில்லை 15 செ.மீ. விட்டமே உடையது.

பஞ்சக் கோட்பாடு நிலைக்கவில்லை. இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர் மழைப்பதிவுகளைச் சூரியப் புள்ளி எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோது, முன்கணிப்புக்கு உதவும் அளவிற்கு வலுவான உறவு புலப்படவில்லை. 1877ஆம் ஆண்டின் வறட்சி பசிபிக் பெருங்கடலின் எல் நினோவோடு தொடர்புடையது என்பது இன்றைய அறிவியலின் முடிவு. வறட்சி கொடும்பஞ்சமாக மாறியதில் ஆட்சியின் கொள்கைக்கும் பங்குண்டு என்பது வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு.

ஆயினும் தகடுகள் எஞ்சின. சூரியப் புள்ளிக் குழுக்கள் எக்கோணத்தில் சாய்ந்துள்ளன, எவ்வேகத்தில் நகர்கின்றன என்பவற்றைக் கொடைக்கானல் தகடுகளிலிருந்து கே. ஆர். சிவராமனும் உடன் ஆய்வாளர்களும் 1990களில் அளந்தனர். தகடுகளை எடுத்தோர் இத்தகைய பயனை எதிர்பார்த்திருக்க இயலாது. ஒரே முறையில், ஒரே ஒழுங்கில், தலைமுறைகள் தாண்டித் தொடர்ந்தமையே அப்படங்களின் மதிப்பு. அந்த ஒழுங்கைக் காத்தவர்களுள் பெரும்பாலோர் வரலாற்று நூல்களில் இடம்பெறாத உதவியாளர்கள்.

காலனிய அறிவியலை வெறும் ஆதிக்கக் கருவியாகவோ, வெறும் கொடையாகவோ காண்போர் இத்தகடுகளின் முன் இடர்ப்படுவர். இவற்றைப் பஞ்ச நிவாரண ஆவணங்களோடு சேர்த்துப் படிக்கும்போதுதான், எக்கேள்விக்கு விடை தேடி அவை எடுக்கப்பட்டன என்பதும், எக்கேள்வி அன்று கேட்கப்படாமல் விடப்பட்டது என்பதும் ஒருங்கே விளங்கும்.