மேலங்கி சொல்லும் வரலாறு

மார்கழி பிறந்துவிட்டது. செங்கம் சாலையில், ரமணாசிரமத்தின் பக்கம், விடியற்காலையில் தேநீர்க்கடை அடுப்பைச் சுற்றி உழைப்பாளர்கள் ஒடுங்கி நிற்கிறார்கள். அங்கேதான் நம்மிடம் படித்த இளைஞன் ஒருவன் நம்மைக் கண்டான். பனி கொட்டும் வடபுலத்துக்கு வேலைக்குப் போகிறானாம். “மேலங்கி தைக்க வேண்டும் ஐயா, எந்தத் துணி உழைக்கும்?” என்று கேட்டான்.

பக்கத்தில் நின்ற பெரியவர் குறுக்கிட்டார்: “கோவணம் ஒன்றோடு ஒரு மகான் வாழ்ந்த மலையடி இது. உனக்கு எதற்கப்பா கோட்டு?”

1896இல் பதினாறு வயதில் இங்கு வந்து, 1950இல் மறையும்வரை கோவணத்தோடு வாழ்ந்தார் ரமணர், உண்மை. அது அவர் தேர்ந்துகொண்ட துறவு. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் உடுத்தும் உரிமையே மறுக்கப்பட்டவன் எதைத் துறப்பான்?

தமிழனுக்குத் தையல் புதிதா? இல்லை! புகார் நகரில் துன்னகாரர் தைத்ததையும், மதுரை அறுவை வீதியில் பருத்தியோடும் பட்டோடும் மயிராடையும் குவிந்து கிடந்ததையும் சிலப்பதிகாரம் காட்டுகிறது. சட்டை அணிந்த யவனக் காவலரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அந்தச் சட்டைக்கு அது தந்த பெயர் ‘மெய்ப்பை’. சொல் இருந்தது, துணி இருந்தது, தைக்கும் கையும் இருந்தது. ஆயினும் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கவே போராட வேண்டியிருந்தது! 1859இல் சென்னை ஆளுநர் டிரெவெல்யன் வற்புறுத்திய பின்னரே மன்னரின் ஆணை பிறந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற தடை நீடித்தது.

துணியைக் கொண்டே ஏழையை ஏய்த்த கதையும் உண்டு. 1813இல் இங்கிலாந்தின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் வழி கண்டார். சிக்கனமான கலைதான், பானிப்பட்டில் இன்றும் பலருக்குச் சோறு போடுகிறது. ஆனால் பிய்த்த இழை குட்டையானது, வலுக் குறைந்தது. 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போரில், இத்தகைய மட்டத் துணியில் தைத்த சீருடைகள் மழையில் நைந்தன. வீரன் நடுங்கினான், ஒப்பந்தக்காரன் கொழுத்தான்!

ஆகவே தம்பி, விலைச்சீட்டை நம்பாதே, விரலை நம்பு. துணியைக் கைக்குள் கசக்கி விடு. நல்ல கம்பளி சுருக்கம் நீங்கி நிமிரும். வெளிச்சத்தில் பிடி, நெருங்கிய நெசவில் ஒளி கசியாது. ஓர் இழையைக் கொளுத்து; கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும், செயற்கை இழையானால் உருகி மணியாகும். சதுர மீட்டருக்கு அறுநூறு கிராம் அளவில் எடை இருந்தால் கடுங்குளிருக்கு ஏற்றது. நெய்தபின் நனைத்து அடித்து இறுக்கிய மெல்ட்டன் துணி காற்றைத் தடுக்கும். சாய்வரியாக நெய்த ட்வில் தேய்மானம் தாங்கும். உள்ளே வழுவழுப்பான உள்துணி வைத்துத் தைக்கச் சொல். உராய்வு குறையும், அங்கியின் ஆயுள் கூடும்.

இவ்வளவும் கேட்ட பெரியவர் தம் நைந்த துண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “எனக்கும் ஒரு கம்பளி வாங்கினால், இப்படித்தான் பார்க்க வேண்டுமா?”

ஆம் ஐயா, இப்படித்தான். குளிர் எல்லோருக்கும் பொது, கம்பளியும் பொதுவாகட்டும்!