நூல் விரிசலும் வந்து சேர வேண்டும்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் கொலு பொம்மைகள் சூளையிலிருந்து இறங்கியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் அதில் ஒன்றை எடுத்து, சென்னையில் இருக்கும் மொத்த வியாபாரிக்கு வீடியோ காலில் காட்டுகிறார். "அண்ணே, கழுத்துகிட்ட என்னமோ கோடு மாதிரி தெரியுதே, கொஞ்சம் கிட்ட காட்டுங்க" என்கிறார் வியாபாரி. அந்தக் கோடு கிளேஸில் விழுந்த நூல் விரிசலா, பெயின்ட் பிரஷ் விட்டுப்போன முடியா என்பதைப் பொறுத்துத்தான் ஆர்டர். பொம்மையின் கழுத்தை கேமரா பிடித்த ஒரே ஒரு படத்தின் பயணம்தான் இங்கே சொல்லப்போவது. வினாடிக்கு 30 படங்களில் அது ஒன்று. அதன் மொத்த ஆயுளும் கால் வினாடிக்குள் அடங்கிவிடும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண்ணுக்குப் பக்கத்து ஊர் விருத்தாசலம். அந்த மண்ணின் தயவில் பொம்மையும் அகல்விளக்கும் டீ கப்பும் ஃப்யூஸ் கட்டையும் செய்யக் கற்ற ஊர். சரக்கை நேரில் வந்து தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்து வாங்கிய காலம் உண்டு. இன்று பாதிப் பேரம் போன் திரையில் முடிகிறது. திரையில் வருகிற படம் எவ்வளவு நம்பகமானது என்பது அதனால் வயிற்றுப்பாட்டுக் கேள்வியாகிவிட்டது.

படம் பிறந்ததும் அதைச் சுருக்க வேண்டும். 1280-க்கு 720 புள்ளிகள் கொண்ட படத்தை அப்படியே எழுதினால் ஏறத்தாழ 1.1 கோடி பிட். வினாடிக்கு 30 படம் என்றால் 33 கோடி. தகரக் கூரையின் கீழ் கிடைக்கிற சிக்னலில் மேலே ஏற்ற முடிவது பல நேரம் வினாடிக்கு 10 லட்சம் பிட்தான். ஆக, 300-இல் ஒரு பங்காக்கியே தீர வேண்டும். 2003-இல் வந்த எச்.264 போன்ற முறைகள் இதை எப்படிச் சாதிக்கின்றன என்றால், முந்தின படத்தில் இருந்ததைத் திரும்பச் சொல்வதில்லை. எது நகர்ந்தது, எது மாறியது என்று மட்டும் குறித்து அனுப்புகின்றன. முழுமையாக எழுதப்படும் சாவிப்படம் எப்போதாவதுதான் வரும். நம் படம் சாவிப்படம் அல்ல. முந்தின படத்தின் தோளில் நிற்கும் வித்தியாசக் குறிப்பு அது. சுமார் 4 கிலோபைட். 1,200 பைட் அளவில் வெட்டினால் மூன்று நான்கு பாக்கெட்டில் அடங்கிவிடும்.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். சுருக்கச் சுருக்க ஒவ்வொரு பிட்டின் பொறுப்பும் ஏறுகிறது. சுருக்காத படத்தில் ஒரு பிட் கெட்டால் ஒரு புள்ளி நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. சுருக்கிய படத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் படத்தின் ஒரு பட்டை போகும். அந்தப் பட்டையை நம்பி வரும் அடுத்த படமும் கெடும், அதற்கடுத்ததும் கெடும். பேசிக்கொண்டிருப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உருகி, சட்டென்று ஒரு நொடியில் சரியாவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நொடியில் புது சாவிப்படம் வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.

பாக்கெட்டுகள் இப்போது காற்றில் ஏற வேண்டும். போனின் ஆன்டெனா அனுப்பும் சக்தி அதிகபட்சம் 0.2 வாட். கோபுரம் அனுப்புவது பல பத்து வாட். கோபுரத்திலிருந்து நமக்கு வருவதைவிட நாம் கோபுரத்துக்கு அனுப்புவது எப்போதும் நோஞ்சான். சினிமா பார்ப்பவருக்கு இது பொருட்டில்லை. சரக்கைக் காட்டி விற்பவருக்கு, அதாவது அனுப்பும் பக்கம் இருப்பவருக்கு, இதுதான் முதல் இடர். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். தகரக் கூரையிலும் இரும்பு ரேக்கிலும் சூளை வண்டியிலும் மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து சில இடத்தில் வலுக்கும், சில இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். போனை ஒரு சாண் நகர்த்தினால் போதும், நல்ல இடம் பள்ளமாகிவிடும். "கிட்ட காட்டுங்க" என்றதும் கை நகர்ந்ததல்லவா, பள்ளத்தில் விழ அதுவே போதும்.

பள்ளத்தைத் தாண்ட 4ஜியில் ஒரு வித்தை இருக்கிறது. முதல் முறை அனுப்புவதில் பத்தில் ஒன்று தவறிப்போகும்படிதான் வேகத்தையே வைக்கிறார்கள். ஒன்றுகூடத் தவறக் கூடாதென்று மெதுவாக அனுப்பினால் அலைவரிசை வீணாகும். தவறியதை 8 மில்லிவினாடியில் மறுபடி கேட்டு வாங்கிவிடலாம் என்ற கணக்கு. தவறி வந்த பிரதியைக் கோபுரம் தூக்கிப் போடுவதில்லை. அரைகுறையாகக் கேட்டதை வைத்துக்கொண்டு, இரண்டாவதாக வருவதையும் அதோடு சேர்த்துப் படிக்கிறது. தனித்தனியாக இரண்டும் புரியாவிட்டாலும் சேர்த்துப் பார்க்கையில் புரிந்துவிடும். இதற்கு அடியில் ஓடுவது டர்போ குறியீடு என்ற பிழை திருத்தும் முறை. 1993-இல் ஜெனீவா மாநாட்டில் பெரூவும் கிளாவியூவும் இதை வெளியிட்டபோது, இரைச்சலுக்கு நடுவே பிழையின்றி எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்று ஷானன் 1948-இல் போட்ட எல்லைக்கு இவ்வளவு கிட்டே போக முடியுமா என்று துறையில் பலர் நம்பவில்லை. 5ஜி தரவுக்கு எடுத்துக்கொண்ட குறியீடோ இன்னும் பழையது. காலகர் 1960-இல் ஆய்வேட்டில் எழுதியது. அதை ஓட்டிப் பார்க்கக் கணினிக்கு வலு போதாமல் முப்பது ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்தது.

மோதித் திரும்பும் அலைகளையே துணையாக்கிக்கொள்ளும் வழியைக் காட்டியவர் நம் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படைக்கு அப்சோ என்ற சோனாரைக் கட்டியவர். பிறகு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்தால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல ஓடைகளை அனுப்பிப் பிரித்தெடுக்கலாம் என்று 1992-இல் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார், 1994-இல் கிடைத்தது. மைமோ என்று இன்று ஒவ்வொரு 4ஜி, 5ஜி போனிலும் வைஃபை பெட்டியிலும் இருப்பது அதுதான். அலைகள் வெவ்வேறு வழியில் சிதறிப் போனால்தான் ஓடைகளைப் பிரிக்க முடியும். அந்தத் தகரக் கூரை இப்போது உதவிக்கு வருகிறது. ஒரு ஆன்டெனா பள்ளத்தில் இருந்தால் இன்னொன்று மேட்டில் இருக்கும். 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கோபுரத்தைத் தொட்ட படம் கண்ணாடி இழையில் ஓடுகிறது. அங்கே பிழை மிகக் குறைவு. பிறகு சென்னையில் இன்னொரு கோபுரம், இன்னொரு காற்று.

இவ்வளவு காவலையும் மீறிப் பாக்கெட் தொலைவதுண்டு. அப்போது காப்பாற்ற வேண்டியது இரு முனையிலும் இருக்கும் செயலிதான். வாட்ஸ்அப் அழைப்பு முனைக்கு முனை பூட்டப்பட்டது. எந்தப் பாக்கெட் சாவிப்படம், எது சாதாரணம் என்று நடுவில் இருக்கும் கோபுரத்துக்குத் தெரியாது. செயலிக்கு வழி இரண்டு. ஒன்று, தொலைந்ததை மறுபடி கேட்பது. கடிதத்துக்கும் பணப் பரிமாற்றத்துக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அவை காத்திருக்கும். உரையாடல் காத்திருக்காது. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சென்னைக்குக் கேட்டு வாங்க நேரம் இருக்கலாம். வியாபாரி பிரான்ஸின் பாரிஸில் இருந்தால் கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் படத்தின் முறை தாண்டிவிடும்.

மற்ற வழி, முன்கூட்டியே உபரியாக அனுப்பிவிடுவது. விருத்தாசலத்தில் வைக்கோல் போட்டுப் பெட்டி கட்டும்போது உடைசலுக்கென்று சில உருப்படி சேர்த்து வைப்பதைப் போல. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கூடுதலாக வைத்த யானைப் பொம்மை உடைந்த குதிரைக்கு ஈடாகாது. 1960-இல் ரீடும் சாலமனும் கண்ட குறியீட்டில் 10 பாக்கெட்டோடு 3 உபரியைச் சேர்த்தால், 13-இல் எந்த 10 வந்தாலும் முழுச் சரக்கும் திரும்பக் கிடைக்கும். எது தொலையும் என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டியதில்லை. திரும்பக் கேட்க வழியே இல்லாத செயற்கைக்கோள் டிவிக்கு இந்தக் குடும்பத்துக் குறியீடுதான் கைகொடுத்தது. டிவிபி-எஸ் முறையில் ஒவ்வொரு 188 பைட்டுக்கும் 16 பைட் உபரி.

உபரி இனாமாக வருவதில்லை. சிக்னல் கெட்டுத் தொலைந்தால் உபரி காப்பாற்றும். நெரிசலில் தொலைந்தால், உபரி அந்த நெரிசலையே கூட்டும். எதனால் தொலைகிறது என்று செயலி சரியாக ஊகிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு உபரி போடாமல், சாவிப்படத்துக்கும் நகர்வுக் குறிப்புக்கும் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் போடுவது நல்ல கட்டுமானம்.

இதையெல்லாம் வயிற்றுப்பாட்டைவிடப் பெரிய விஷயத்துக்காகச் செய்து பார்த்த இடம் தேனி. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனி வட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்து, நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். 2000-களின் நடுவில் அந்த ஊர்களுக்கு நம்பத்தக்க இணைப்பு கிடையாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு, வீட்டு வைஃபை ரேடியோவையே கம்பத்தில் ஏற்றி, திசை ஆன்டெனா மாட்டி, பல கிலோமீட்டர் தாண்ட வைத்தது.

வைஃபை ஒரு அறைக்குள் புழங்கச் செய்த சாதனம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் "வந்தது" என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் ஒளியின் வேகத்திலேயே போய்வர 100 மைக்ரோவினாடி ஆகும். பதில் வருவதற்குள் பொறுமை இழந்து, தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்பும். நகரத்துப் பக்கம் மற்ற வைஃபைகளின் குறுக்கீடு வேறு. ரபின் பத்ரா, செர்ஜியு நெடெவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்ரமணியன் உள்ளிட்ட அந்தக் குழு 2007-இல் வெளியிட்ட வைல்ட்நெட் என்ற முறை இதை மாற்றி அமைத்தது. இரு முனையும் முறைவைத்துப் பேசும். பதில் மொத்தமாக வரும். தொலைப்பைச் சமாளிக்க மறுபடி அனுப்புவதும் முன்கூட்டிய உபரியும் இரண்டுமே உண்டு. எது எவ்வளவு என்பதை, தாமதம் பொறுக்குமா, அலைவரிசை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம். வழக்கமான வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு கூடுதலாகத் தரவு போனது. குழு அடுத்து எழுதிய கட்டுரையில் சொன்ன பெரிய தொல்லை ரேடியோவைப் பற்றியது அல்ல; தரமில்லாத கிராமத்து மின்சாரம் கருவிகளைப் பழுதாக்கியதைப் பற்றியது.

தேனி டாக்டர் திரையில் பார்த்தது கருவிழிப் புண்ணா, வெறும் ஒளித் தெறிப்பா? நம் வியாபாரியின் கேள்வியும் இதே ஜாதிதான். சின்னஞ்சிறு இடத்தில் இருக்கும் ஒரு கோடு உண்மையா, பொய்யா?

ஆகவே பயணத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. எல்லாக் காவலும் தோற்றால், பெறும் போன் காணாமல்போன பட்டையைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. முந்தின படத்தில் அதே இடத்தில் இருந்ததைப் பிரதி எடுக்கும், அல்லது சுற்றியுள்ள நிறத்தைப் பரப்பிவிடும். பேத்தி முகம் பார்க்கும் பாட்டிக்கு இது வரம். படம் நிற்காமல் ஓடுகிறதே, அது போதும். பொம்மையின் கழுத்துக்கோ இது கேடு. முந்தின படத்தில் போன் தூரத்தில் இருந்தது, விரிசல் தெரியவில்லை. இப்போது கிட்டக் காட்டிய படம் தொலைந்து, அந்த இடத்தில் பழைய வழவழப்பான கழுத்து வந்து உட்காரும். தெளிவில்லாத படம் என்றால் வியாபாரி மறுபடி காட்டச் சொல்வார். தெளிவாக இருக்கும் பொய்ப் படத்தை யார் சந்தேகிப்பார்கள்? இட்டு நிரப்பும் வேலையை நரம்பு வலைப்பின்னல்களிடம் கொடுக்கும் பழக்கம் வளர்கிறது. குரலில் இது 2020-லேயே கூகுளின் அழைப்புச் செயலிக்கு வந்துவிட்டது. படத்தில் அது எவ்வளவு கைதேர்ந்ததாகிறதோ அவ்வளவு நம்பும்படி பொய் சொல்லும்.

இதற்கு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் வரிசை எண் உண்டு. எது வரவில்லை, படத்தின் எந்தப் பட்டை ஊகத்தால் நிரம்பியது என்பது பெறும் போனுக்குத் துல்லியமாகத் தெரியும். அது தெரிந்தும் பார்ப்பவரிடம் சொல்வதில்லை. வியாபாரத்துக்கும் வைத்தியத்துக்கும் என்று ஒரு பொத்தானைச் செயலியில் வைக்கலாம். அதைத் தட்டினால் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்று உபரியைக் கூட்டி, வினாடிக்கு 30 படத்துக்குப் பதில் 10 படம் அனுப்பினால் போதும். ஊகித்த இடத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புக் கோடு போட்டுக் காட்டினால் போதும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் சென்னைக்காரர் கேட்பார்: "அண்ணே, கழுத்த இன்னொரு தடவ காட்டுங்க."