நெப்வர்த் மேடையும் பதினான்கு மாதங்களும்

1976 ஆகஸ்ட் 21 அன்று, இங்கிலாந்தின் நெப்வர்த் மாளிகையை ஒட்டிய திறந்தவெளியில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். அன்றைய முதன்மைக் குழு ரோலிங் ஸ்டோன்ஸ். அவர்களுக்கு முன்பு மேடையேறிய குழுக்களுள் ஒன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் உருவான லினர்ட் ஸ்கினர்ட். அன்று எடுக்கப்பட்ட படச்சுருளை மையமாகக் கொண்டு, இருபது ஆண்டுகளுக்குப் பின் 1996-இல் ‘ஃப்ரீபேர்ட்: தி மூவி’ என்ற ஆவணப்படம் வெளிவந்தது. திடலில் நின்றவர்களும் திரையில் கண்டவர்களும் பார்த்தது ஒரே நிகழ்ச்சியை. ஆனால், அவர்கள் அடைந்த அனுபவம் ஒன்றன்று.

திடலில் நின்றோர்க்கு அது ஒரு வெற்றிக் காட்சி. ரோனி வான் சான்ட் பாட, அவ்வாண்டுதான் குழுவில் இணைந்த ஸ்டீவ் கெயின்ஸ், கேரி ராசிங்டன், ஆலன் காலின்ஸ் ஆகிய மூவரின் கிதார்கள் ஒன்றையொன்று துரத்தின. ஸ்டோன்ஸ் குழுவின் சின்னமான நாக்கின் வடிவில் முன்னே நீண்டிருந்த மேடைப்பகுதியில் அவர்கள் நின்று வாசித்த காட்சியே படத்தில் மிகுதியும் பேசப்படுவது.

பதினான்கு மாதங்கள் கழிந்தன. 1977 அக்டோபர் 20 அன்று, தென் கரோலைனாவின் கிரீன்வில்லிலிருந்து லூசியானாவின் பேட்டன் ரூஜுக்கு அவர்களை ஏற்றிச் சென்ற விமானம் எரிபொருள் தீர்ந்து, மிசிசிப்பியின் கில்ஸ்பர்க் அருகே காட்டில் விழுந்தது. விமானத்தில் இருந்த 26 பேரில் ஆறு பேர் இறந்தனர்: வான் சான்ட், ஸ்டீவ் கெயின்ஸ், பின்னணிப் பாடகியான அவர் தமக்கை கேசி கெயின்ஸ், குழுவின் உதவி மேலாளர், விமானிகள் இருவர். அவர்களின் புதிய இசைத்தட்டு வெளியாகி மூன்று நாள்களே ஆகியிருந்தன. குழுவினரைத் தீச்சுவாலைகள் சூழ்ந்து நிற்பதாக அமைந்திருந்த அதன் அட்டைப்படம் பின்னர் மாற்றப்பட்டது.

ஆவணப்படத்தின் பார்வையாளர் இவ்வளவையும் அறிந்தே திரைமுன் அமர்கிறார். எனவே, வான் சான்டின் சிரிப்பு அவருக்கு வெறும் சிரிப்பாக இல்லை. தமிழில் ‘இறத்தல்’ என்பதற்குக் கடத்தல் என்பதும் ஒரு பழம்பொருள். ‘இறந்தகாலம்’ என்றால் கடந்துபோன காலம். இப்படத்தைக் காண்போரிடம் அச்சொல்லின் இரு பொருள்களும் ஒன்றாகிவிடுகின்றன. கடந்துபோன ஒரு பிற்பகலைக் காண்பது, இறந்தோரைக் காண்பதாக மாறுகிறது.

படத்துக்குப் பெயர் தந்த பாடலின் வரலாறும் இதற்குச் சான்று. 1973-இல் முதல் இசைத்தட்டில் வெளியானபோது அது காதலியைப் பிரிந்து செல்பவனின் பாட்டு. மேடையில் அதனை, 1971-இல் இறந்த கிதார் கலைஞர் டுவேன் ஆல்மனின் நினைவுக்கு உரித்தாக்கினர். விபத்துக்குப் பின், 1979-இல் உயிர் தப்பியோர் நாஷ்வில் மேடையொன்றில் அதனைப் பாடகரின்றி வாசித்தனர். 1987-இன் நினைவுப் பயணத்திலும் பாடகரின் இடம் வெறுமையாகவே விடப்பட்டது; அரங்கத்தினரே பாடினர். பாடலின் ஒரு சொல்லும் மாறவில்லை. அது யாரைக் குறிக்கிறது என்பது மட்டும் மாறியது.

துயரம் இவ்வரவேற்பின் ஒரு பாதி, மறுபாதி கொடி. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் கொடி இக்குழுவின் மேடைப் பின்னணியாக விளங்கியது. அதனை ஒலித்தட்டு நிறுவனத்தின் விளம்பர உத்தி என்று குழுவினர் பின்னர் விளக்கினர். 2012-இல், வெறுப்புக் குழுக்கள் அதனைக் கைப்பற்றிவிட்டதால் கைவிடுவதாக ராசிங்டன் அறிவித்தார். ரசிகர்கள் கொதித்தெழ, சில நாள்களிலேயே நிலைப்பாடு தளர்ந்தது. 2018-இல் ஸ்டீஃபன் கிஜாக் இயக்கிய ஆவணப்படம் இக்கேள்வியைத் தவிர்க்க இயலவில்லை. கைத்துப்பாக்கிக்கு எதிராகவும், கறுப்பின இசைஞன் ஒருவனைப் போற்றியும் வான் சான்ட் பாடல்கள் இயற்றியதை ஒரு சாரார் சுட்டுகின்றனர். அப்பாடல்கள் கொடியை மறைத்துவிடா என்பது மறுசாராரின் விடை. இரண்டும் உண்மையே.

இரு சாராரும் பின்னிருந்து முன்னோக்கியே படிக்கின்றனர். ஒருவர் 1977-இன் விபத்தை 1976-இன் முகங்களில் காண்கிறார். மற்றவர் பிற்காலத்து விவாதத்தை அக்குழுவின் மீது ஏற்றுகிறார். ஆயினும் இவ்விருவகைப் படிப்பும் சமமல்ல. விபத்தை மேடையில் நின்றவர்கள் அறிந்திருக்க வழியில்லை. கொடியின் பொருளோ அன்றே அறியப்பட்டிருந்தது. குடியுரிமைப் போராட்டம் நடந்து முடிந்த பத்தாண்டுக்குள் அது மேடையேறியது. முன்னதற்காக இரங்கலாம்; பின்னதைக் கேள்வி கேட்கலாம்.

2023 மார்ச்சில் ராசிங்டன் இறந்தபோது, குழுவைத் தொடங்கியவர்களுள் எவரும் எஞ்சவில்லை. 29 வயதில் மறைந்த வான் சான்ட் அக்கொடியைப் பற்றி முதுமையில் என்ன சொல்லியிருப்பார் என்பதற்கு எந்தப் படச்சுருளும் விடை தராது. ரசிகர்களும் விமர்சகர்களும் அவர் சார்பில் பேசிக்கொண்டிருக்கின்றனர். திரையில் அவர் இன்னும் அப்பிற்பகலின் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறார்.