ஐயம் கேட்ட மாணாக்கர்

கொழும்பு நகரின் வடபாகத்திலே, கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள ஜிந்துப்பிட்டியில், தமிழ்க் கிறிஸ்தவரின் பழைய ஆலயம் ஒன்று உண்டு. அது புனித தோமாவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தம் ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று ஏனைய சீடர் கூறியபோது தோமா அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்றார். இவ்வாறு ஐயுற்ற ஒருவரின் பெயரை ஆலயத்துக்கு இட்டுப் போற்றும் சமயத்தவர், தம் வீட்டுப் பிள்ளை அதே ஐயத்தை எழுப்பும்போது பெரும்பாலும் கலங்கிவிடுகின்றனர்.

கடவுள் உளர் என்பதற்குச் சான்று யாது? நல்லார் துன்புறுவதும் தீயார் செழிப்பதும் ஏன்? அயல்வீட்டுச் சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் இறைவனருளுக்குப் புறம்பானவரோ? பதினைந்து பதினாறு வயதிலே பிள்ளைகள் கேட்கும் வினாக்கள் இவை. இவை இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. கொழும்பிலே இவற்றுக்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு கொட்டாஞ்சேனையிலே தொடங்கி வெள்ளவத்தைக்கு வந்து சேர்கின்றது. வினா ஒன்றுதான், அதனை எதிர்கொண்ட முறையே மாறியது.

19ஆம் நூற்றாண்டின் இலங்கையிலே, சமயம் பற்றிய ஐயம் மாணாக்கனின் உடைமையாக இருக்கவில்லை. அது எதிர்க்கட்சியாரின் படைக்கலமாக இருந்தது. வடக்கிலே ஆறுமுக நாவலர், உவெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர். 1847ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிய நாவலர், 1854இல் சைவதூஷண பரிகாரம் என்னும் நூலை வெளியிட்டார். சைவத்தின் மீது மிஷனரிமார் தொடுத்த வினாக்களை அவர்தம் வேதாகமத்தின் மீதே திருப்பித் தொடுத்த நூல் அது.

தெற்கிலே அதே பணியைச் செய்தவர் கொட்டாஞ்சேனைத் தீபதுத்தாராமத்தில் வாழ்ந்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1862ஆம் ஆண்டிலே அவர் பௌத்த சமயத்தைப் பரப்புவதற்கு ஒரு சங்கத்தை நிறுவினார். 1873 யூன் மாதத்திலே, பாணந்துறை உவெஸ்லியன் ஆலயத்தில் டேவிட் டி சில்வா என்னும் போதகர் ஆன்மாவைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதனை ஒட்டி எழுந்த வாதம், அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் 28ஆம் தேதிகளில் நடந்த பாணந்துறைப் பெருவாதமாக முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்டனர். நிலையான ஆன்மா இல்லையாயின், வினையைச் செய்தவன் ஒருவன், அதன் பயனை அனுபவிப்பவன் வேறொருவன் என்றாகாதோ என்று போதகர் வினவினார். குணானந்தர் அதற்கு விடையிறுத்ததோடு, வேதாகமத்தில் முரண்படுவனவாகத் தாம் கண்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

அவ்விரு நாட்களும் பௌத்தரின் மறுமலர்ச்சிக்குப் பெரிதும் உதவின என்பது வரலாறு. வாதத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்தே கேணல் ஒல்கொட் இலங்கையின் மீது நாட்டங்கொண்டு, 1880இல் இங்கு வந்து சேர்ந்தார். ஆயின், கல்வியை நோக்காகக் கொண்டு பார்ப்போர்க்கு அங்கே வேறொன்றும் புலனாகும். மேடையிலே வெற்றிக்கும் தோல்விக்கும் இடமுண்டு, ஐயத்துக்கு இடமில்லை. அக்காலத்தில் மிஷன் பாடசாலை மாணாக்கன் ஒருவன், ஆன்மா உண்டென்பது எங்ஙனம் என்று கேட்டிருந்தால், அவன் எதிரியின் வார்த்தையைப் பேசுபவனாகவே கருதப்பட்டிருத்தல் கூடும். வினா பகையின் அடையாளமாகிவிட்டது. பத்தாண்டுகளின் பின்னர், 1883ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலே தீபதுத்தாராமத்துக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்தை ஒட்டிக் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலகம் மூண்டது. சொல்லால் நடந்த போர் கல்லாலும் தடியாலும் நடந்தது.

இந்நிலையிலிருந்து வினாவை மீட்டு, அதனை மாணாக்கனிடம் ஒப்படைத்த பெருமை மாணவர் இயக்கங்களுக்கு உரியது. 1884ஆம் ஆண்டிலேயே வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் மாணவரிடையே இளைஞர் கிறிஸ்தவ சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. 1895இல் சுவீடன் நாட்டிலே, அமெரிக்கராகிய ஜோன் மொட் முதலானோர் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தைத் தொடங்கினர். இவ்வியக்கத்தின் முறை எளியது. மாணவர் சிலர் வட்டமாக அமர்வர். வேதாகமப் பகுதி ஒன்றைப் படிப்பர். தமக்குத் தோன்றியதைத் தாமே பேசுவர். ஆசிரியர் அங்கே தலைவர் அல்லர், உடனிருப்பவர். பிரசங்க பீடத்திலிருந்து கீழே இறங்கிய சமயம், மாணாக்கன் குறுக்கிட்டுப் பேசக்கூடிய சமயமாயிற்று.

அம்முறையிலே வளர்ந்து உலகறிய நின்ற தமிழர் டானியேல் தம்பிராஜா நைல்ஸ். 1908இல் பிறந்த யாழ்ப்பாணத்தவராகிய இவர், பெங்களூரிலே இறையியல் கற்று, மெதடிஸ்த திருச்சபையின் குருவானார். 1948இல் அம்ஸ்ரடாம் நகரிலே உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கிய நாளில், எண்பத்துமூன்று வயதினராகிய ஜோன் மொட்டும் நாற்பது வயதினராகிய நைல்ஸும் ஒரே வழிபாட்டிலே பிரசங்கம் செய்தனர். 1953 முதல் அவர் உலக மாணவர் சம்மேளனத்தின் தலைவராகவும் விளங்கினார்.

அவர் தம் வாழ்விலே நிகழ்ந்ததாகச் சொல்லிவந்த செய்தி ஒன்று இங்கே கருதத்தக்கது. 1935ஆம் ஆண்டிலே, அக்காலத்தின் தலைசிறந்த இறையியலாளர் எனப் போற்றப்பட்ட கார்ல் பார்த் என்பவரை இளைஞர் நைல்ஸ் சந்தித்தார். பிற சமயங்கள் யாவும் அவிசுவாசமே என்று பார்த் கூற, தாங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று நைல்ஸ் வினவினார். ஒருவரையும் இல்லை என்பது விடை. அவ்வாறாயின் இந்துசமயம் அவிசுவாசம் என்பதை எவ்வாறு அறிந்தீர்கள் என்று கேட்டதற்கு, அனுபவத்துக்கு முற்பட்ட துணிபாகவே அதனை அறிவேன் என்றார் அப்பேராசான். நைல்ஸ் தலையை அசைத்துப் புன்முறுவல் செய்தார் என்பர். சைவர் நடுவே பிறந்து வளர்ந்த ஒருவருக்கே அவ்வினா எழுதல் கூடும். நைல்ஸ் தம் விசுவாசத்தைக் கைவிடவுமில்லை, வினாவை விழுங்கிவிடவுமில்லை. இரண்டையும் ஒருங்கே தாங்கி, 1970இல் மறையும்வரை திருப்பணி செய்தார்.

1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து விடுதிகளிலே தங்கிக் கற்ற கிறிஸ்தவ மாணவர், அங்கே டார்வினையும் மார்க்ஸையும் எதிர்கொண்டனர். 1935இல் தோன்றிய இலங்கை சமசமாஜக் கட்சியின் கருத்துகள் இளைஞரைக் கவர்ந்தன. ஏழைக்குப் பரலோகத்தைக் காட்டும் சமயம் இவ்வுலகில் அவனுக்கு யாது செய்தது என்ற வினா ஓங்கி ஒலித்தது. கொழும்புப் புனித சூசையப்பர் கல்லூரியின் அதிபராயிருந்த பீற்றர் பிள்ளை அடிகளார் இவ்வினாவைக் கண்டு அஞ்சியவர் அல்லர். கணிதமும் இறையியலும் ஒருங்கே கற்ற அவர், சமூக நீதி பற்றி எழுதியும் பேசியும் வந்தார். 1954இல் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியை நிறுவினார். அறிவைப் பெருக்கினால் விசுவாசம் அருகும் என்று எண்ணியவர் கல்லூரி நிறுவமாட்டார்.

இனி, வெள்ளவத்தைக்கு வருவோம். அங்கே ஹவ்லொக் வீதியை ஒட்டி, சமய ஆய்வுக்கும் உரையாடலுக்கும் உரிய நிலையம் ஒன்று திருச்சபைகளின் பொதுப்பணியாக நடைபெற்றது. 1962 முதல் அதன் இயக்குநராயிருந்தவர் மெதடிஸ்த குருவாகிய லின் டி சில்வா. பாணந்துறை மேடையில் வாதாடிய டேவிட் டி சில்வாவும் இதே மெதடிஸ்த மரபினர் என்பது நினைவுகூரத்தக்கது. பௌத்த நூல்களை நன்கு கற்ற லின் டி சில்வா, பௌத்தரும் கிறிஸ்தவரும் கருத்துப் பரிமாறும் பொருட்டு ஓர் ஆய்விதழை நடத்தினார். பௌத்த அறிஞரும் அதில் எழுதினர். பின்னாளிலே, இயேசு சபைக் குருவும் பௌத்த தத்துவத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவருமாகிய அலோசியஸ் பீரிஸ் அவரோடு இணைந்து பணியாற்றினார்.

லின் டி சில்வா 1975இல் வெளியிட்ட நூல், பௌத்தத்திலும் கிறிஸ்தவத்திலும் தன்னிலை பற்றிய சிக்கலை ஆராய்வது. அதாவது, பாணந்துறையிலே நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுந்த அதே ஆன்மாப் பிரச்சினை. ஆயின், இம்முறை எதிரியை மடக்குவது நோக்கமன்று. நிலையான ஆன்மா இல்லை என்று பௌத்தர் சொல்வதைச் செவிமடுத்த பின்னர், அவர் தம் வேதாகமத்தை மீண்டும் எடுத்து நோக்கினார். உடலினின்று வேறாய், தானே அழியாது நிற்கும் ஆன்மா என்ற கருத்து வேதாகமத்தின் மையக் கருத்து அன்று; மனிதன் தனித்து நிலைபெறும் ஆற்றல் இல்லாதவன், இறைவனோடும் பிறரோடும் கொள்ளும் உறவிலேயே வாழ்கின்றவன் என்பதே அதன் போக்கு என்று அவர் கண்டார். அம்முடிபை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும், அயலான் கேட்ட வினா தன் வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கும் திறவுகோலாயிற்று என்பதை மறுத்தல் அரிது. 1873இல் படைக்கலமாயிருந்த வினா, 1975இல் பாடமாயிற்று.

இவ்வழி எப்பொழுதும் எளிதாயிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1971 ஏப்ரலிலே படித்த இளைஞர் பலர் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே, அக்குவைனாஸ் கல்லூரியின் தலைவராயிருந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார் சமூகத்துக்கும் சமயத்துக்குமான நிலையத்தைக் கொழும்பிலே தொடங்கினார். ஆசியக் கத்தோலிக்க மாணவர் இயக்கத்தின் ஆன்ம குருவாயிருந்து இளைஞரின் மனத்தை அறிந்தவர் அவர். 1990இல் அவர் எழுதிய மரியாளைப் பற்றிய நூல் திருச்சபைத் தலைமையின் கண்டனத்துக்கு ஆளாயிற்று. 1997 ஜனவரியிலே அவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். 1998 ஜனவரியிலே அத்தண்டனை நீக்கப்பட்டது. வினா எவ்வளவு தூரம் செல்லலாம், விசுவாசத்தைக் காக்கும் பொறுப்புடையோர் எவ்விடத்திலே தடுக்கலாம் என்பன இன்றும் தீராத வழக்குகளே. ஒன்று மட்டும் தெளிவு: கேட்பவர் மாணாக்கராயினும் குருவாயினும், வினாவுக்கு ஒரு விலை உண்டு.

வேறு சில வினாக்கள் நூல்களிலிருந்து வருவன அல்ல. 1983 யூலையிலே வெள்ளவத்தைத் தெருக்களிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் உள்ள ஆலயங்களிலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சியோன் ஆலயத்திலே இறந்தோருட் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். வழிபடச் சென்ற இடத்திலே இறைவன் ஏன் காக்கவில்லை என்று அவர்தம் வகுப்புத் தோழர் கேட்டால், அதற்கு மனப்பாடமான விடை எதனைச் சொல்வது? அவ்வேளையிலே விரைந்து சொல்லப்படும் விடை, பிள்ளையின் துயரத்தை அவமதிப்பதாகவே முடியும்.

நம் பாடசாலைகளிலே ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே பாடமாகக் கற்கின்றது. அது நல்ல ஏற்பாடே. ஆயின், பரீட்சை வினாவுக்கு விடை முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. பிள்ளையின் வினாவுக்கு அவ்வாறு இல்லை. புள்ளி பெறுவதற்காக ஒன்றை எழுதி, உள்ளத்திலே மற்றொன்றை வைத்திருக்கப் பழகிய பிள்ளை, காலப்போக்கிலே சமயத்தை மட்டுமன்று, உண்மை பேசும் பழக்கத்தையும் இழக்கின்றது. அடக்கப்பட்ட ஐயம் சிலரிடத்திலே போலித்தனமாகவும், வேறு சிலரிடத்திலே பிற சமயத்தார் மீது வெறுப்பாகவும் வெளிப்படுகின்றது. தன் ஐயத்தைக் கண்டு அஞ்சுபவனே பிறன் விசுவாசத்தின் மீது கல்லெறிகின்றான்.

மாணவர் வட்டமும் வெள்ளவத்தை நிலையமும் காட்டிய வழி, பெரும் பொருட்செலவு வேண்டாதது. கேட்ட பிள்ளையைக் குற்றவாளியாக நோக்காமை ஒன்று. பிற சமயத்தார் கூறுவதை அவர் வாயாலேயே கேட்டல் ஒன்று. அறியாததை அறியேன் என்று ஆசிரியர் ஒப்புக்கொள்ளல் மற்றொன்று. இம்மூன்றும் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியன அல்ல. சைவ வகுப்பிலும் இஸ்லாமிய வகுப்பிலும் பௌத்த வகுப்பிலும் பயன்படுவனவே.

தோமாவின் வரலாற்றிலே, பலரும் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. அவர் ஐயத்தைச் சொன்ன நாளுக்கும் அது தீர்ந்த நாளுக்கும் இடையே எட்டு நாட்கள் கழிந்தன. அவ்வெட்டு நாட்களின் முடிவிலும் அவர் ஏனைய சீடரோடு அதே வீட்டிலேதான் இருந்தார் என்று யோவான் எழுதிய நற்செய்தி கூறுகின்றது. நம்பியவர்கள் நம்பாதவரை வெளியே தள்ளவில்லை. நம்பாதவரும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடவில்லை. ஐயுற்ற பிள்ளைக்கு வீடும் பாடசாலையும் ஆலயமும் தரவேண்டியது அந்த எட்டு நாள் அவகாசமே.