கூடைக்காரியின் துணிவு

எவர்சில்வர்ப் பாத்திரங்களைக் கூடையில் சுமந்து வந்து, பழந்துணிக்கு மாற்றிச் செல்லும் குஜராத்திப் பெண்ணை அறியாத தமிழ்க் குடும்பம் அகமதாபாத்தில் இராது. ஒரு சேலையை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதற்கு ஒரு கிண்ணந்தான்" என்று அவள் சொல்ல, நாம் விடாது பேரம் பேசுகிறோம். அக்கிண்ணம் கடனுக்கு வாங்கியதாய் இருக்கலாம். அச்சேலை சந்தையில் விலை போகாமலும் இருக்கலாம். அந்த நட்டம் முழுவதும் அவள் தலைமேல்தான் என்பதை நாம் நினைப்பதில்லை.

பெண்கள் முதலை இழக்க அஞ்சுவர், ஆகவே வாணிகம் அவர்க்கு ஒவ்வாது என்பது நம்மிடையே நெடுநாளாய் வழங்கும் பேச்சு. அஞ்சுவோர் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் அவ்வச்சத்திற்குச் சட்டமே வேலி கட்டியிருந்தது. 1956 வரை, இந்துக் கைம்பெண் கணவன் வழிவந்த சொத்தை அனுபவிக்கலாமேயன்றி, தக்க அவசியமின்றி விற்கவோ அடைமானம் வைக்கவோ இயலாது. அவ்வாண்டின் வாரிசுரிமைச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை மகளுக்குத் தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலுமே வாய்த்தது. ஈடு காட்ட ஒரு காணி நிலமும் தன் பெயரில் இல்லாதவள் எதைக் கொண்டு தொழில் தொடங்குவாள்? ஸ்திரீதனமாக நகை கொடுத்தோமே என்பீர்கள். அந்நகையை அடகு வைக்கும் முடிவு யாருடையது என்பதை அவரவர் இல்லத்தில் கேட்டறிக.

இந்நகரத்து மாணெக் சௌக்கில் காய்கறி விற்ற பெண்களோ ஈடும் இன்றி, நாள்தோறும் துணிந்தார்கள். விடியலில் வட்டிக்காரனிடம் பணம் வாங்கிச் சரக்கெடுத்து, அந்தியில் வட்டியோடு திருப்புவார்கள். லாபத்தில் பெரும்பகுதி அவனுக்கே போயிற்று. 1969இல் பெரிய வங்கிகள் தேசவுடைமையாயின. ஆயினும் அழுக்குச் சேலையும் இடுப்புக் குழந்தையுமாய் வந்த பெண்களை வங்கிச் சிப்பந்திகள் விரும்பவில்லை.

1972இல் எலா பட் அம்மையார் தலைமையில் தோன்றிய சேவா என்னும் சுயதொழில் மகளிர் சங்கத்தில் இக்குறை எழுந்தது. 1973 டிசம்பரில் கூடிய பெண்கள், நமக்கு நாமே வங்கி வைப்போம் என்றனர். 4,000 பேர் தலைக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்தினர். எழுத்தறியாதவர் வங்கி நடத்துவதா என்று அதிகாரிகள் தயங்கினர். பத்திரத்தில் கையொப்பமிட வேண்டிய பெண்கள் ஓரிரவு முழுதும் விழித்திருந்து தம் பெயரை எழுதக் கற்றனர்! பேனா பிடித்தறியாத கை, மறுநாள் கைநாட்டு வைக்கவில்லை. 1974இல் கூட்டுறவு வங்கி பதிவாயிற்று.

கையொப்பம் அறியாத உறுப்பினர்க்காகப் பாஸ்புத்தகத்தில் புகைப்படம் ஒட்டினர். கூடையை விட்டு அகன்றால் அன்றைய வியாபாரம் கெடும் என்பதால், சேமிப்பைத் திரட்ட வங்கியின் ஆட்களே சந்தைக்குச் சென்றனர். நிலம் கேட்கவில்லை, ஒழுங்காகச் சேமிக்கிறாளா என்று பார்த்தே கடன் தந்தனர். எலா பட் 2022இல் மறைந்தார். அதற்குள் வங்கி நாற்பத்தெட்டு ஆண்டுகளைக் கண்டுவிட்டது. வட்டிக்கடையில் கிடந்த நகைகளை மீட்கவும் அவ்வங்கி கடன் கொடுத்தது. மீட்கப்பட்டவற்றுள் திருமண நாளில் தாய் வீட்டார் போட்டவையும் உண்டு.