நாவிழந்த ஆசான்

தமிழ் நாடக மேடையிலே வேடம் புனைந்து புகழ்பெற்ற சங்கரதாஸ் சுவாமிகள், பின்னர் நாடகங்களை இயற்றிப் பிறரைப் பயிற்றும் ஆசிரியரானார். 1918ஆம் ஆண்டு மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவி, சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் நடிப்பும் கற்பித்தார். ஆறு வயதுப் பாலகனாய் அங்குச் சேர்ந்தவர் தி. க. சண்முகம். சில ஆண்டுகளுக்குள் ஆசானை வாதநோய் பற்றியது, பேச்சு நின்றது. 1922இல் அவர் மறைந்தார்.

குருவிடம் பயின்ற காலம் நான்காண்டுக்கு மேலில்லை. ஆயினும் 1925இல் சண்முகம் சகோதரர்கள் தமக்கெனச் சபை கண்டு, பல்லாண்டுகள் நாடகம் வளர்த்தனர். ஒளவையாராக நடித்து 'ஒளவை சண்முகம்' எனப் பெயர் பெற்றபின்னும், சுவாமிகளைத் 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்றே அவர் போற்றினார். ஆசானின் நா அடங்கியது. அவர் கற்பித்த சொல்லோ மாணவர் நாவிலே நெடுங்காலம் ஒலித்தது.